நடுவில் ஆடிய கன்னியப்பன்

கன்னியப்பன் மெட்ராஸ் லீக்கில் பத்து வருஷத்துக்கு மேல் ஆடினான். எந்தப் பத்திரிகையிலும் அவனைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை. கோல் அடித்தவன் பெயர் வரும். பெனால்டியைப் பிடித்த கீப்பர் பெயர் எப்போதாவது வரும். நடுவில் நின்று இந்தப் பக்கம் பந்தை வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தவன் பெயரை யார் போடுவார்கள்? அதைப் பற்றி அவன் குறைபட்டு நான் கேட்டதில்லை. பெரும்பாலும் அவன் களைத்துப்போய் இருந்தான். குறைபடுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

நான் அதே டீமில் இரண்டாவது கோல்கீப்பர். பெயர் பார்த்தசாரதி. முதல் கீப்பருக்கு விரல் பிசகினால் ஒழிய எனக்கு ஆட்டம் கிடையாது. அதனால் மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. கன்னியப்பனை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ராஜலிங்கா பம்ப்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. கிணற்றுக்கு வைக்கும் மோட்டார் பம்பு செய்வார்கள். முதலாளியின் இளைய மகனுக்கு ஃபுட்பால் பைத்தியம். பேங்குகளுக்கும் ரயில்வேக்கும் டீம் இருப்பதுபோல் தன் கம்பெனிக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு, எழுபத்தெட்டு எழுபத்தொன்பதில் ஆள் சேர்க்க ஆரம்பித்தார். ஆட வருகிறவனுக்குக் கம்பெனியிலேயே வேலை. மத்தியானம் வரை ஏதாவது ஒரு டிபார்ட்மெண்டில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு பட்டரவாக்கம் பக்கத்தில் இருந்த கம்பெனி கிரவுண்டில் பிராக்டீஸ். ஆள் பிடிக்கிற பொறுப்பு பர்சனல் மேனேஜர் ரகுநாதனுடையது. பொங்கலுக்குப் பொங்கல் பூந்தமல்லியில் நடக்கும், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில்தான் அவர் கன்னியப்பனைப் பார்த்தார்.

கன்னியப்பனுக்கு ஊர் பாரிவாக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்த நிலங்களில் கல் நட்டு மனை பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் எஸ்டேட் வேலைக்குப் போன முதல் ஆள் இவன்தான். அதுவும் பந்து ஆடிக் கிடைத்த வேலை என்று அவன் அம்மா யாரிடமும் சொல்ல மாட்டாளாம். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று "கம்பெனில கீறான்" என்று மட்டும் சொல்வாள்.

ஒல்லியான ஆள். உயரமும் இல்லை. வேகமும் அப்படி ஒன்றும் சொல்லும்படி இல்லை. ஆனால் பந்து தன்னிடம் வருவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பி வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிடுவான். பந்து காலுக்கு வரும்போது அதை எங்கே அனுப்புவது என்று முடிவாகியிருக்கும். எண்பத்திரண்டில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது, நாங்கள் மட்டமான ஒரு டீமிடம் ஐந்து கோல் வாங்கினோம். எங்கள் ஃபார்வர்டு உலகநாதன் அன்றைக்கு முழு ஆட்டமும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டு வெளியே வந்து சொன்னான்: "எனக்குப் பந்தே வரலியே, நான் என்ன செய்ய?"

உலகநாதன் ஆவடி குவார்ட்டர்ஸ் பையன். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கியவர். சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினால் அம்பத்தூர் தாண்டுவதற்குள் கன்னியப்பன் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிவிடுவான். ஆவடியில் உலகநாதன்தான் அவனை உலுக்கி எழுப்பி இறக்குவான். அங்கிருந்து பாரிவாக்கத்துக்குப் பஸ். விடிந்தால் அதே பஸ், அதே ரயில். ஸ்டோர்ஸில் வார்ப்பிரும்புக் காஸ்டிங் தூக்கிவிட்டு, வெந்ததும் வேகாததுமாகக் கேன்டீன் சாப்பாட்டை முடித்துவிட்டு, மத்தியான வெயிலில் செம்மண் கிரவுண்டில் ஓட வேண்டும். ஃபார்வர்டு நிற்கலாம், கீப்பர் நிற்கலாம். நடுவில் ஆடுகிறவன் நிற்க முடியாது.

எண்பத்து மூன்றில் அவனுக்குக் கல்யாணமானது. பெண் சாமுண்டீஸ்வரி, காட்டுப்பாக்கம். அவளுடைய அண்ணன் எத்திராஜ் எங்கள் கம்பெனியிலேயே, இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரியில் அச்சு செய்யும் மோல்டர். சம்பந்தம் பேசியதும் அவன்தான். எத்திராஜுக்கு ஃபுட்பால் பிடிக்கும். ஷிஃப்ட் முடிந்து கிரவுண்டு ஓரத்தில் வந்து நின்று, "மச்சான், அந்தப் பக்கம் ஆளு சும்மா நிக்கிறான் பாரு" என்று கத்துவான். கன்னியப்பன் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டுவான்.

எண்பத்தேழில் பவுண்டரியில் ஒரு விபத்து நடந்தது. கோவிந்தராஜ் என்ற ஆளின் வலது கை மெஷினில் மாட்டி, மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாகிவிட்டது. மெஷினுக்குத் தடுப்பு போடச் சொல்லி யூனியன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆட்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்தது எத்திராஜ். அவனையும் இன்னும் சிலரையும் கம்பெனி சஸ்பெண்ட் செய்தது. மறுநாளே ஸ்ட்ரைக். கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆட்டக்காரர்களாகிய நாங்கள் இரண்டுங்கெட்டானாக நின்றோம். வருகைப் பதிவேட்டில் தொழிலாளிதான். ஆனால் பந்தலில் போய் உட்கார்ந்தால் அவர்களே ஒரு மாதிரி பார்த்தார்கள். உள்ளே போகவும் முடியாது. வீட்டிலேயே கிடந்தோம். ஒரு மாதம் அப்படிப் போனது.

லீக்கில் எங்களுக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. ஒரு பேங்க் டீமோடு. தோற்றாலும் சரி, வராமல் போனாலும் சரி, கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். டிரா செய்தால் போதும், தப்பிக்கலாம். ரகுநாதன் எங்களையெல்லாம் அண்ணா நகரில் இருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். காபி கொடுத்தார்.

"நீங்க ஸ்ட்ரைக் பண்றவங்க கிடையாது," என்றார். "உங்களை எடுத்தது ஆடறதுக்கு. டீம் இறங்கிப் போச்சுன்னா சின்னவர் டீமையே கலைச்சிடுவார். டீம் இல்லன்னா உங்களை வெச்சு நான் என்ன பண்றது, சொல்லுங்க."

அவர் மிரட்டும் குரலில் பேசவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் கன்னியப்பன் நேராகக் காட்டுப்பாக்கத்துக்கு, எத்திராஜ் வீட்டுக்குப் போனான். போகாமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். எத்திராஜ் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

"மேட்சு கீதாமே," என்றான் எத்திராஜ்.

"ஆமா."

"ஆடப் போறியா?"

கன்னியப்பன் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஆடாத மச்சான். ஒரே ஒரு மேட்சு. டீமு வரலன்னா பேப்பர்ல போடுவான், ஏன் வரலன்னு கேப்பான். ஒரு மாசமா கேட்டாண்ட ஒக்காந்துகினு கீறோம், ஒருத்தன் எட்டிப் பாக்கல."

"டீம கலைச்சுட்டாங்கன்னா நான் இன்னா பண்றது?"

"நாங்கல்லாம் பண்றதப் பண்ணு."

"எனக்கு வேற இன்னா தெரியும்? இன்னும் நாலு வருசம் ஆடுவேனா, அஞ்சு வருசம் ஆடுவேனா. அப்பாலிக்கு நானே கேட்டாலும் காலு கேக்காது."

எத்திராஜ் பம்பைக் கீழே வைத்தான். "உனுக்கு நாலு வருசமாவது கீது. கோவிந்தராசுக்குக் கை பூட்டுது."

எத்திராஜின் மனைவி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

ஆட்டம் பெரியமேட்டு ஸ்டேடியத்தில். சாதாரணமாக எங்கள் ஆட்டத்துக்குக் கேலரியில் பத்து இருபது பேர் இருந்தால் அதிகம். அன்றைக்கு ஒரு பக்கம் முழுக்க ஆள். எல்லாம் எங்கள் கம்பெனி ஆட்கள். பட்டரவாக்கத்தில் ரயிலேறிக் கூட்டமாக வந்திருந்தார்கள். கல்லெறிவார்களோ என்று போலீஸ்காரர்கள் நாலு பேரை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் கல்லெறியவில்லை. கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. எங்கள் ஆள் ஒருவன் காலுக்குப் பந்து வந்தால் எல்லோரும் ஒரே குரலாக, சஸ்பெண்ட் ஆனவர்களில் ஒருவர் பெயரைச் சொன்னார்கள். உலகநாதனிடம் பந்து வந்தால் ஒரு பெயர். கோலுக்கு முன்னால் தடுத்து பேக் ஆடுகிறவனிடம் வந்தால் வேறு ஒரு பெயர். கன்னியப்பனிடம் வந்தால், "எத்திராஜ்".

உலகநாதனிடம் எப்போதோதான் பந்து வரும். கன்னியப்பனிடம் எப்போதும் வரும். வாங்கினால் எத்திராஜ். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கினால் எத்திராஜ். கொஞ்ச நேரத்தில் ஸ்டேடியத்தில் வேறு சத்தமே இல்லாததுபோல் ஆகிவிட்டது.

நான் பெஞ்சில் இருந்தேன். பெஞ்ச் அந்தக் கேலரிக்கு நேர் கீழே. முதுகுக்குப் பின்னால் சத்தம், முன்னால் கன்னியப்பன். அவன் பந்தைத் தவிர்க்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். அதை முன்பு ஒருநாளும் பார்த்ததில்லை. பேக் பந்தோடு நிமிர்ந்தால் ஓடிவந்து எதிரே நிற்கிறவன், அன்றைக்கு எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்து நின்றான். நடுவில் ஆள் இல்லாமல் எங்கள் பேக்குகள் பந்தைத் தூக்கித் தூக்கி அடித்தார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பேங்க்காரர்கள் கோல் போட்டார்கள். கேலரியில் யாரும் அதற்குக் கை தட்டவில்லை.

இடைவேளையில் கோச் என்னென்னவோ கத்தினார். கன்னியப்பன் எலுமிச்சம்பழத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். உலகநாதன் அவன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஆட முடியலன்னா சொல்லிரு. வெளிய வந்திரு. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்," என்றான்.

"வந்துட்டேன்ல," என்றான் கன்னியப்பன்.

"என்னது?"

"ஜெர்சி போட்டுகினு உள்ள வந்துட்டேன். இதுக்கப்புறம் ஒளிஞ்சா அவங்களுக்கும் இல்ல, உனுக்கும் இல்ல."

இரண்டாவது பாதியில் அவன் ஒவ்வொரு பந்தையும் கேட்டு வாங்கினான். ஒவ்வொன்றுக்கும் எத்திராஜ், எத்திராஜ் என்று பின்னால் எழுந்தது. அவன் வழக்கம்போல் இரண்டு தோளுக்கும் மேலாகப் பார்த்தான், வாங்கினான், கொடுத்தான், ஓடினான், மறுபடி வாங்கினான். கத்துகிறவர்களுக்கும் தொண்டை இருக்கிறது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் குரல்கள் கம்மிப்போய், பத்துப் பதினைந்து பேர் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவன் பேங்க் டீமின் இரண்டு பேக்குகளுக்கு நடுவே தரையோடு ஒரு பந்தைத் தள்ளினான். உலகநாதன் ஓடிப்போய் அதைக் கோலுக்குள் அனுப்பினான். ஒன்றுக்கு ஒன்று. டிரா. டிவிஷனில் தங்கினோம். ரகுநாதன் எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார். மறுநாள் பேப்பரில் உலகநாதன் பெயர் வந்தது. ஸ்ட்ரைக்கைப் பற்றி எதுவும் வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது சாமுண்டி ஒன்றும் கேட்கவில்லையாம். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். சாப்பாடு போட்டாள். அது கேலரிக் கூச்சலை விடக் கஷ்டமாக இருந்தது என்றான்.

ஸ்ட்ரைக் இன்னும் சில வாரம் இழுத்து, ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், முடிந்துபோனது. மெஷினுக்குத் தடுப்பு போட்டார்கள். கோவிந்தராஜுக்கு ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். சஸ்பெண்ட் ஆனவர்களை ஒவ்வொருவராகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எத்திராஜை மட்டும் எடுக்கவில்லை. அவன்மேல் தனியாக ஒரு குற்றச்சாட்டு. மேட்ச் நடந்த அதே சாயங்காலம், கம்பெனி கேட்டில் வாட்ச்மேனை அடித்தான் என்று. டிஸ்மிஸ் செய்தார்கள். யூனியன் லேபர் கோர்ட்டுக்குப் போனது.

எத்திராஜ் வாடகைக்கு ஆட்டோ எடுத்து பூந்தமல்லியில் ஓட்ட ஆரம்பித்தான். தங்கையைப் பார்க்க வருவான், கன்னியப்பன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. பிள்ளைகளுக்குப் பிஸ்கெட் பாக்கெட் வைத்துவிட்டுப் போவான். வந்தவர் யார் என்று கன்னியப்பன் கேட்பதில்லை. கம்பெனியில் பவுண்டரி ஆட்கள் கன்னியப்பனோடு பேசுவதை விட்டுவிட்டார்கள். எங்களில் மற்றவர்களோடு கொஞ்ச நாளில் சரியாகிவிட்டார்கள். அவனோடு மட்டும் இல்லை. மச்சான் பெயரைச் சொல்லச் சொல்ல ஆடினானே என்று, அவன் நன்றாக ஆடியதுதான் அவர்களுக்கு ஆறவில்லை.

அப்படியே நாலு வருஷம் போனது. அவன் கேப்டன் ஆனான். வலது முட்டியில் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஆட்டத்துக்கு முன்னால் எலாஸ்டிக் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவான். ஆட்டம் முடிந்து அதை அவிழ்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். நான் எண்பத்தொன்பதில் பரீட்சை எழுதித் தபால் துறைக்குப் போய்விட்டேன். ஆனாலும் அம்பத்தூரிலேயே வீடு என்பதால் அடிக்கடி பார்த்துக்கொண்டோம்.

தொண்ணூற்றொன்றில் ஒருநாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாமுண்டி பேச்சை எடுத்தாள்.

"அண்ணன் கேசு வருது. மேட்சு அன்னிக்கு அது கேட்டாண்ட தான் இருந்துச்சின்னு கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு சொல்ட்டாங்களாம். அது ஸ்டேடியத்துல இருந்துச்சின்னு யூனியன் ஆளுங்க சொன்னா எடுபடாதுன்னு வக்கீலு சொல்றாராம்."

"எத்திராஜ் கேக்கச் சொன்னானா?"

"அது கேக்காது. நானும் கேக்கல. கொழம்பு ஊத்தட்டா?"

அவன் சோற்றில் குழி செய்தான். "ஊத்து," என்றான்.

மறுநாள் ரயிலில் உலகநாதனிடம் சொன்னான். உலகநாதன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கம்பெனிக்கு எதிரா சாட்சி சொன்னா உன்னை டீம்ல விட்டுவைப்பாங்களா? இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, ஆடி முடிச்சிட்டுப் போவியா, அத விட்டுட்டு."

"நான் பாத்தேன் உலகா. மேல் படில கடைசில ஒக்காந்துகினு இருந்தான். ஒவ்வொரு தபா திரும்பறப்பவும் பாத்தேன்."

"நான் பாக்கலியே."

"நீ கோல பாத்துகினு இருந்தே."

எனக்கும் பார்க்க வாய்ப்பில்லை. நான் கேலரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன்.

கன்னியப்பன் யூனியன் வக்கீலிடம் சாட்சியாகத் தன் பெயரைக் கொடுத்தான். கோர்ட்டுக்கு இரண்டு தடவை லீவு போட்டுப் போனபோது, வாய்தா என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டார்கள். எத்திராஜ் வராந்தாவில் வேறு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கன்னியப்பன் பார்த்ததைச் சொன்னான். கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"எத்திராஜ் உங்களுக்கு என்ன உறவு?"

"மச்சான்."

"நீங்கள் ஆடிக்கொண்டிருந்தீர்கள். கேலரியில் அவ்வளவு கூட்டம். ஒருவரை மட்டும் எப்படி அடையாளம் தெரிந்தது?"

"எல்லாரும் அவம் பேரக் கத்திகினு இருந்தாங்க சார். அவன் ஒருத்தன் தான் கத்தல. சும்மா ஒக்காந்துகினு இருந்தான். அதனால தெரிஞ்சுச்சு."

வக்கீல் உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. எல்லோரும் கேஸ் கட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கன்னியப்பன் பஸ் பிடித்து பிராக்டீஸுக்குப் போனான்.

அடுத்த வாரம் ரகுநாதன் கூப்பிட்டு அனுப்பினார். சாட்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "உங்களுக்கும் வயசாகுது. முட்டி வேற சரியில்லைன்னு கோச் சொல்றார். பவுண்டரியில ஆள் பத்தலை. திங்கட்கிழமையிலேருந்து அங்க போயிடுங்க," என்றார். கன்னியப்பன் சரி சார் என்றான். பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ரகுநாதன்.

இதில் விஷயம் என்னவென்றால், அதற்கு அடுத்த வருஷமே டீமைக் கலைத்துவிட்டார்கள். சின்ன முதலாளிக்கு ஃபுட்பால் அலுத்துவிட்டது. கன்னியப்பன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் அவனுக்கு இன்னும் ஒரே ஒரு சீசன்தான் கிடைத்திருக்கும். உலகநாதனையும் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்சில் பெட்டி அடிக்க விட்டார்கள்.

பவுண்டரியில் கன்னியப்பனுக்குக் கொடுத்தது காஸ்டிங்கில் பிசிறு தேய்க்கிற வேலை. கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு முழு ஷிஃப்டும் நிற்க வேண்டும். மூக்கு, காது, தலைமயிர் எல்லாம் கருந்தூள். அவன் சொன்னது: "ஓடற வரைக்கும் காலு வலி தெரியல. நிக்கிறது தான் தெரியுது." கேன்டீனில் அவன் போய் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சில் இருக்கிறவர்கள் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். அவன் சாட்சி சொன்னது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனால் சங்கடம்தான் கூடியது. எந்த முகத்தோடு பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து மணவாளன் என்ற பெரியவர், அடுத்த கிரைண்டர்காரர், ஒருநாள் டீ வாங்கும்போது இரண்டு டம்ளராக வாங்கி ஒன்றை இவன் பக்கம் நகர்த்தினார். "ஆறிடும், குடி," என்றார். அதற்குப் பிறகு மற்றவர்களில் பலபேர் பேச ஆரம்பித்தார்கள்.

கோவிந்தராஜ் பேசவில்லை. கிரைண்டருக்குப் புதுக் கல் வாங்க ஸ்டோர்ஸுக்குப் போகும்போதெல்லாம் இடது கையால் எழுதிக் கொடுப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். ஒருநாள் கன்னியப்பனே கேட்டான்.

"இன்னும் எம்மேல கோவமாண்ணே?"

"நீ சாட்சி சொன்னது உம் மச்சானுக்கு," என்றான் கோவிந்தராஜ். "எனக்கில்ல." கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தான். கன்னியப்பன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் சொன்னது நியாயம்தான் என்று என்னிடம் சொன்னான். அவர்களுக்குள் அது கடைசி வரை அப்படியே இருந்தது.

தொண்ணூற்று நாலில் தீர்ப்பு வந்தது. வாட்ச்மேன் விஷயம் நிரூபிக்கப்படவில்லை, டிஸ்மிஸ் செய்தது செல்லாது. எத்திராஜைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். கம்பெனி மேல்கோர்ட்டுக்குப் போவதாகச் சொன்னது. வக்கீல்கள் பேசி ராஜியாக முடித்தார்கள். எத்திராஜ் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாடகை ஆட்டோவை விட்டு சொந்த ஆட்டோ எடுத்தான். எஸ்டேட் பக்கம் அவன் திரும்பிப் போகவில்லை.

தீர்ப்பு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவன் பாரிவாக்கத்துக்கு வந்தான், கன்னியப்பன் வீட்டில் இருக்கும் நேரத்தில். சாமுண்டி மீன் வாங்கிவர ஓடினாள். இரண்டு ஆண்களும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகுதான் பேச்சே வந்தது.

"அன்னிக்கு நீ ஏன் கத்தல?" என்று கேட்டான் கன்னியப்பன்.

"எம் பேர நானே கத்துவனா?"

சாமுண்டி சிரித்துவிட்டாள். எத்திராஜ் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"ஆட்டோ ஸ்டாண்டுல சும்மா ஒக்காந்துகினு இருக்கச்சே அத நெனச்சுக்குவேன்," என்றான். "ரெண்டாவது ஆஃபு நல்லா ஆடினே. திட்டிகினே பாத்தேன். நல்லா தான் ஆடினே."

கன்னியப்பன் தலையை ஆட்டினான். ஏழு வருஷம் கழித்து வந்த பாராட்டு. அவனுக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள தூக்கம் வந்துடுச்சு, நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்திருந்தேன்," என்றான்.

தொண்ணூற்றேழில் பவுண்டரியை மூடினார்கள். விருப்ப ஓய்வு என்று பெயர். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. வேலப்பன்சாவடிப் பக்கம் புதிதாக வந்த ஒரு காலேஜில் கன்னியப்பனுக்கு கிரவுண்டு பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. புல் வெட்டுவது, சுண்ணாம்பில் கோடு போடுவது, தண்ணீர் விடுவது. அங்கே படிக்கிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்கும் அவன் லீக்கில் ஆடியவன் என்று தெரியாது. அவனும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா ஆடிக் காட்டுன்னுவானுங்க. எவன் ஆடறது," என்றான்.

தொண்ணூற்றொன்பதில் உலகநாதனும் நானும் சேர்ந்து, பழைய கம்பெனி டீம் ஆட்களை வைத்து ஆவடியில் ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடு செய்தோம். கன்னியப்பனைக் கூப்பிட நான் காலேஜுக்குப் போனேன். கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பக்கக் கோட்டை முடித்ததும் கம்பத்தில் சாய்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சேதியைச் சொன்னேன். ஆட வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்றேன்.

"ஞாயித்துக்கெழமையா? பாக்கறேம்பா," என்றான். "யார் யார் வரானுங்க?"

பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் அவன் ஏதாவது ஒன்று சொன்னான். இவனுக்கு இடது கால் வராது, அவனுக்குப் பந்து கொடுத்தால் திரும்ப வராது என்று. வருவான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. காலேஜில் ஏதோ விழா, வேலை ஆட்களை வரச் சொல்லிவிட்டார்கள் என்று எத்திராஜ் ஆவடிக்கு ஆட்டோவில் வந்து சொல்லிவிட்டுப் போனான். நாங்கள் ஆட்டத்தைத் தொடங்கினோம். நடுவில் வேறு யாரையோ நிறுத்தினோம்.